குப்பைக்கீரையா, பண்ணைக்கீரையா, தொய்யக்கீரையா?

மழை பெய்து பத்துப் பதினைந்து நாள் கழித்துக் கொங்குப் பக்கத்துச் சோளக்காட்டில் களை வெட்டப் போகிற பெண்கள், மடியில் கீரையோடுதான் வீடு திரும்புவார்கள். யாரும் விதைக்காத கீரை. மழைக்கு முளைத்து, பூத்து, விதை உதிர்த்து, அந்தப் பருவத்தோடு காய்ந்துவிடும். குப்பைக்கீரை, பண்ணைக்கீரை, தொய்யக்கீரை மூன்றும் தண்டுக்கீரைக் குடும்பம்தான். ஆனால் மூன்றுக்கும் பிடித்த இடம் வேறு வேறு. வீட்டில் எதை வளர்க்கலாம் என்று கேட்பவர்களிடம், முதலில் உங்கள் மண்ணைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

குப்பைக்கீரைக்குப் பேரிலேயே விலாசம் இருக்கிறது. எருக்குழி ஓரம், தொழுவத்தின் பின்பக்கம், பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடும் இடம் என்று ஈரமும் தழைச்சத்தும் உள்ள இடத்தில் மொய்த்துக்கொண்டு வரும். இலை நுனியைப் பாருங்கள்; கூராக முடியாமல், நகத்தால் கிள்ளிவிட்ட மாதிரி சின்னப் பள்ளம் இருக்கும். தொட்டியில் வளர்க்க மூன்றில் இதுதான் லேசு. விதை கடுகைவிடப் பொடி என்பதால் ஆழமாகப் புதைக்கக் கூடாது. மேலாகத் தூவி, ஒரு கை மணலைப் பரப்பினால் போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: மண்ணில் இருப்பதை இது நன்றாக உறிஞ்சும். சாக்கடை ஓரத்திலும் ரோட்டோரத்திலும் வளர்ந்ததைப் பறிக்காதீர்கள்.

பண்ணைக்கீரைக்கு எரு முக்கியமில்லை, வெயில்தான் முக்கியம். தண்ணீர் தேங்காத மானாவாரிக் காட்டில், சோளத்துக்கும் நிலக்கடலைக்கும் நடுவே நிமிர்ந்து நிற்கும். கோழிக்கொண்டைப் பூவுக்கு நெருங்கிய சொந்தம். கதிர் நுனி இளஞ்சிவப்பாகத் தொடங்கி, முற்ற முற்ற வெள்ளியாக வெளுக்கும். அதற்கு முன்பே கிள்ளிவிட வேண்டும். பூத்துவிட்டால் இலை சிறுத்து நார் ஏறிவிடும். முற்றிய கதிரை உள்ளங்கையில் தட்டினால் கறுப்பாக மினுமினுக்கும் விதைகள் கொட்டும், அடுத்த வருஷத்துக்கு அதுவே போதும். நம்மூரில் களை என்று வெட்டி எறிகிற இந்தச் செடியை நைஜீரியாவில் யொரூபா மக்கள் பாத்தி கட்டி வளர்த்துச் சந்தையில் விற்கிறார்கள்.

ருசிக்கு என்றால் என் ஓட்டு தொய்யக்கீரைக்குத்தான். மெல்லிய நீண்ட காம்பு. ஒல்லியான கதிரில் இடைவெளி விட்டுக் குட்டிக் குட்டி இளஞ்சிவப்புப் பூக்கள். துவரம்பருப்பும் சின்ன வெங்காயமும் போட்டு மண்சட்டியில் வேகவைத்து, அம்மாயி மத்தால் கடைந்து ராகிக் களியின் குழியில் ஊற்றுவார். கீரை வாசம் வாசல்வரை வரும். ஆனால் தொட்டிக்கு இது ஒத்துவரவில்லை. இதன் காய் வெடிக்காது. கெட்டியான ஓட்டுக்குள் ஒற்றை விதை. நான் இரண்டு முறை தூவினேன், ஏழெட்டுச் செடிக்கு மேல் முளைக்கவில்லை. உழுத காட்டில் தானாக வந்தால்தான் உண்டு.

அந்தக் காடுகளில்தான் இப்போது சிக்கல். மக்காச்சோளம் விதைத்த கையோடு, களை முளைக்கும் முன்பே அட்ரசின் என்ற களைக்கொல்லியை அடித்துவிடுகிறார்கள். ஆள் கிடைக்காத காலத்தில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் மருந்து அடித்த காட்டில் தப்பி முளைத்த கீரையைப் பறித்து உலையில் போடாதீர்கள். காடு வைத்திருப்பவர்கள் வரப்போரம் ஒரு துண்டு இடத்தையாவது மருந்தில்லாமல் விட்டால் இந்த மூன்றும் பிழைக்கும்.

எங்கள் வரப்பில் நாலு முழம் அப்படி விட்டிருக்கிறேன். தொய்யக்கீரை பூ எடுத்திருக்கிறது. இந்தத் தடவை கிள்ளவில்லை, விதைக்கு நிற்கட்டும்.