முதுகில்லாத புத்தகம்

பைண்டிங் பட்டறையிலேயே காலம் தள்ளியவன் நான். எந்தப் புத்தகம் கைக்கு வந்தாலும் முதலில் முதுகைத்தான் தடவிப் பார்ப்பேன். திருநங்கை ஓவியர் ஒருவர் கையாலேயே செய்து நாற்பது படிகள் மட்டும் போட்டிருக்கும் இந்தப் புத்தகத்துக்கு முதுகே கிடையாது. விசிறி மடிப்பு, இரு புறமும் ஒரே மாதிரி அட்டை. எந்தப் பக்கம் திறக்கிறோமோ அதுதான் தொடக்கம். ஒரு முகத்தில் பள்ளிச் சீருடைத் துண்டுகள் ஒட்டியிருக்கின்றன, மறு முகத்தில் சேலைக் கரைகள்.

அரசிதழில் வரும் பெயர் மாற்ற அறிவிப்பைப் போல ஒரு பக்கம் இருக்கிறது. ஈய எழுத்துக் கோத்து, காலால் மிதித்து ஓட்டும் ட்ரெடில் அச்சுப்பொறியில் அடித்தது. புதிய பெயர் கறுப்பு மையில் பளிச்சென்று நிற்கிறது. பழைய பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மை இல்லை, வெறும் அழுத்தம்தான். விளக்கில் சாய்த்துப் பிடித்துப் படிக்கப் பார்த்தேன். எழுத்துகளை முன்பின்னாகக் கலைத்துப் போட்டிருக்கிறார். அச்சடித்து முடிந்ததும் எழுத்தைக் கலைத்துப் பெட்டியில் போடும் அச்சுக்கூட வழக்கம் தெரிந்தவருடைய வேலை அது.

நடு மடிப்புகளை மஞ்சள் கயிற்றால் கட்டியிருக்கிறார். அறுத்தால்தான் உள்ளே போக முடியும். கூவாகத்தில் சித்திரைப் பௌர்ணமி இரவு அரவானுக்காகத் திருநங்கைகள் கட்டிக்கொள்ளும் தாலியை மறுநாள் அறுப்பார்கள் என்று அறிந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். கட்டுக் குலையாமல் காப்பதே என் பிழைப்பு என்பதால் கத்தரிக்கோலை எடுக்க எனக்குக் கை வரவில்லை. "காசு கொடுத்து வாங்கியது பூட்டி வைக்கவா?" என்று என் மனைவிதான் அறுத்தாள்.

உள்ளே சொரசொரப்பான ஒரே ஒரு தாள். தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையை 2014இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2019ஆம் ஆண்டுச் சட்டமோ அடையாளச் சான்றுக்கு மாவட்ட ஆட்சியரிடம் மனுப்போடச் சொல்கிறது. அந்த மனுப் படிவங்களைக் கூழாக்கிச் செய்த தாள் இது. ஓரத்தில் முத்திரையின் ஊதா மை திட்டுத் திட்டாகத் தெரிகிறது. இதையெல்லாம் செய்துவிட்டு, அடுத்து மூன்று பக்கத்துக்குக் கவிதை எதற்கு? தாள் சொன்னதையே அது திரும்பச் சொல்கிறது. நான் பைண்ட் செய்திருந்தால் அந்தப் பக்கங்களைக் கேட்காமலே விட்டிருப்பேன்.

விலை 1,800 ரூபாய். உழைப்புக்கு அது குறைவுதான். ஆனால் மைதாப் பசையில் மயில்துத்தம் கலக்கவில்லை போலிருக்கிறது. அட்டையின் மூலையில் அதற்குள் பூச்சி அரித்திருக்கிறது. அடுத்த பதிப்பிலாவது கலக்கட்டும். வாங்கியவர்கள் ஈரமில்லாத அலமாரியில், வேப்பிலை போட்டு வையுங்கள்.