நடைவண்டியா, வாக்கரா? உருளும் பொம்மைகள் குறித்து ஓர் ஒப்பீடு

குழந்தை கட்டில் விளிம்பைப் பிடித்து எழுந்து நிற்கத் தொடங்கிய வாரத்திலேயே வீட்டில் இரண்டு கட்சிகள் உருவாகிவிடுகின்றன. திருவிழாக் கடையில் ஒரு மர நடைவண்டி வாங்கிவிடலாம் என்பது ஒரு கட்சி. நடுவில் துணி இருக்கையும், சுற்றிலும் வளையமும், முன்னால் பாட்டுப் பாடும் தட்டும் கொண்ட வாக்கரே பாதுகாப்பானது என்பது மற்றொரு கட்சி. இரண்டுக்கும் சக்கரம் உண்டு. இரண்டும் குழந்தையை நடக்கவைக்கும் என்று சொல்லித்தான் விற்கப்படுகின்றன. ஆனால் குழந்தையின் உடலிடம் இவை வாங்கும் வேலை வெவ்வேறானது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் நடைவண்டியின் பக்கம், சில நிபந்தனைகளோடு.

நடைவண்டியின் அமைப்பு மிக எளியது. முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு, அவற்றை இணைக்கும் முக்கோணச் சட்டம், அதிலிருந்து எழும் இரண்டு கால்கள், அவற்றின் மேல் கடைசலில் உருட்டி எடுத்த ஒரு கைப்பிடி. சில வண்டிகளில் சக்கரம் சுழலும்போது ஒரு கட்டை எழுந்து விழுந்து ‘டக் டக்’ என்று ஒலிக்கும்படி செய்திருப்பார்கள். உட்கார இடமோ சாய்ந்துகொள்ள முதுகுப் பலகையோ இதில் கிடையாது. எனவே குழந்தை முதலில் தரையிலிருந்து தானே எழ வேண்டும். தன் எடையை இரண்டு பாதங்களிலும் தாங்க வேண்டும். தள்ளியதும் வண்டி ஒரு சாண் முன்னே நகர்ந்து கைகள் நீண்டுவிடுவதால், ஒற்றைக் காலில் ஒரு நொடி நின்று மற்றக் காலை முன்னே எடுத்துவைக்க வேண்டும். வண்டி ஓடப் பார்த்தால் உடலைப் பின்னுக்கு இழுத்து அதை நிறுத்தவும் வேண்டும். நடை என்பது இந்தச் சிறு வேலைகளின் கோவைதான்.

சுவரில் முட்டிக்கொண்ட நடைவண்டியோடு ஒரு குழந்தை படும் பாட்டைக் கொஞ்ச நேரம் பாருங்கள். வண்டிக்குத் தானாகத் திரும்பத் தெரியாது. குழந்தை இன்னும் இரண்டு முறை முட்டும். பிறகு சத்தம் போட்டு ஆள் கூப்பிடும். யாரும் வராவிட்டால் கைப்பிடியை மேலே தூக்கிப் பார்க்கும். என்றாவது ஒரு நாள், வண்டியைச் சற்றே தூக்கி, தானும் ஓரடி பக்கவாட்டில் நகர்ந்து, அதைத் திருப்பிவிடும். பக்கவாட்டில் எடுத்துவைத்த அந்த ஓரடியை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

வாக்கரில் நடப்பது வேறு. குழந்தையின் எடையை இருக்கை வாங்கிக்கொள்கிறது. தரையில் கால் முழுதாகப் பதியாததால், குழந்தை விரல் நுனிகளால் உந்தித் தள்ளுகிறது. சமநிலை தவறினாலும் வளையம் பிடித்துக்கொள்வதால் சமநிலை என்ற ஒன்று தேவைப்படுவதே இல்லை. முன்னாலிருக்கும் தட்டு பாதங்களை மறைத்துவிடுகிறது. தன் கால் செய்யும் செயலைத் தன் கண்ணால் பார்த்துத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பும் அதனால் போய்விடுகிறது. குழந்தை இடம்பெயர்கிறது என்பது உண்மை. அதை நடை என்று சொல்லத்தான் எனக்கு நா எழவில்லை.

இந்த வேறுபாட்டைச் சங்கப் புலவர் ஒருவர் ஏறத்தாழ இதே சொற்களில் பிரித்துக் காட்டியிருக்கிறார் என்பது வியப்புக்குரியது. குறுந்தொகையின் 61ஆம் பாடலில் தும்பிசேர்கீரனார், தச்சன் செய்த சிறுதேரை ‘ஊர்ந்து இன்புறாஅர் ஆயினும் கையின் ஈர்த்து இன்புறூஉம் இளையோர்’ என்கிறார்; ஏறிச் செல்லும் இன்பம் கிடைக்காவிட்டாலும் கையால் இழுத்தே மகிழும் சிறுவர்கள். பாடல் சொல்ல வந்தது தலைவனின் நட்பைப் பற்றி. இருந்தாலும் உவமைக்கு எடுத்த பொருள் நம் வழக்குக்குச் சாட்சியாகிறது. பட்டினப்பாலையில் வரும் ‘முக்காற் சிறுதேர்’ இன்னும் நெருக்கமானது: காவிரிப்பூம்பட்டினத்துப் பிள்ளைகள் குதிரை இல்லாமல் உருட்டிச் செல்லும் மூன்று சக்கரத் தேர் அது. பெரும்பாணாற்றுப்படையோ, தேர் உருட்டிய பிள்ளைகள் ‘தளர்நடை வருத்தம்’ தீரச் செவிலித் தாயரைத் தழுவிப் பால் குடித்து உறங்குவதைச் சொல்கிறது. தேர் உருட்டுவது குழந்தைக்கு உழைப்பு என்பதைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் கவனித்திருக்கிறார்.

பழமை மட்டும் ஒரு பொருளை நல்லதாக்கிவிடாது என்பதால், அளந்து பார்த்தவர்கள் கண்டதையும் சேர்த்துக்கொள்வோம். அயர்லாந்தில் 190 குழந்தைகளைக் கொண்டு செய்யப்பட்டு 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, வாக்கரில் கழித்த நேரத்தைக் கூட்டிப் பார்த்து, ஒவ்வொரு 24 மணி நேரத்துக்கும் தனியே நிற்பது 3.7 நாட்களும் தனியே நடப்பது 3.3 நாட்களும் தள்ளிப்போவதோடு தொடர்புபட்டிருப்பதைக் கண்டது. நாளுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் 24 நாட்களில் ஒரு கணக்கு நிறைந்துவிடும். 1999இல் அமெரிக்காவில் சீகல், பர்ட்டன் ஆகிய இருவர் 109 குழந்தைகளிடம் செய்த ஆய்வும், வாக்கரில் இருந்தவர்கள் உட்காரவும் தவழவும் நடக்கவும் பிந்தியதைக் காட்டியது. பாதங்களை மறைக்கும் தட்டை அவர்களும் குறை கூறினார்கள். இந்தத் தாமதம் நிரந்தரமான ஊனம் அன்று, குழந்தைகள் பிறகு ஈடுகட்டிவிடுகிறார்கள். ஆனால் நடையை விரைவுபடுத்தும் என்று காசு கொடுத்து வாங்கிய பொருள் அதைத் தாமதப்படுத்துகிறது என்றால் அதை ஏன் வாங்க வேண்டும் என்ற கேள்வி நிற்கத்தான் செய்கிறது.

இங்கே ஒரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளின் குழந்தைகளைப் பின்தொடர்ந்து வகுத்த கணக்கின்படி, தனியே நடக்கும் வயது 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை பரந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக் குழந்தை பத்தாவது மாதத்தில் நடந்துவிட்டதே என்று பதறுகிறவர்கள்தான் பெரும்பாலும் வாக்கர் வாங்குகிறார்கள். பிள்ளைத்தமிழிலும் ‘வா’ என்று குழந்தையை அழைக்கும் வாரானைப் பருவம் ஓராண்டை ஒட்டித்தான் வருகிறது. சிறுதேர் உருட்டுவதோ ஆண்பாற் பிள்ளைத்தமிழின் கடைசிப் பருவம். அந்த வரிசையில் அவசரம் இல்லை. விழுவதையும் கணக்கில் வையுங்கள்: அமெரிக்க உளவியலாளர் காரன் அடால்ஃப் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், 12 முதல் 19 மாதக் குழந்தைகள் விளையாடும்போது மணிக்குச் சராசரியாக 2,368 அடிகள் எடுத்துவைத்து 17 முறை விழுந்தார்கள். விழாமல் காக்கும் கருவி, கற்பதற்கான வாய்ப்பையும் சேர்த்தே குறைத்துவிடுகிறது.

பாதுகாப்பைப் பொறுத்தவரை ஒப்பீடே தேவையில்லை என்பேன். வாக்கரில் இருக்கும் குழந்தை நொடிக்கு ஒரு மீட்டர் தூரத்தைக் கடந்துவிடும். பெரியவர் கவனித்து எழுந்து ஓடிவருவதற்குள் அது படியருகே போயிருக்கும். 1990 முதல் 2014 வரை அமெரிக்க அவசரப் பிரிவுகளில் வாக்கர் காயங்களுக்காகச் சிகிச்சை பெற்ற 15 மாதத்துக்குட்பட்ட குழந்தைகள் 2,30,676 பேர் என மதிப்பிடப்பட்டது. பத்தில் ஒன்பது காயங்கள் தலையிலோ கழுத்திலோ பட்டவை. நான்கில் மூன்று, படியில் உருண்டு விழுந்ததால் நேர்ந்தவை. படியைக் கண்டால் நிற்கும் அமைப்பு வந்த பிறகு அங்கே எண்ணிக்கை பெரிதும் குறைந்தது என்பதையும் நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். இருந்தும் கனடா 2004 ஏப்ரலில் வாக்கர் விற்பனையையும் இறக்குமதியையும் முற்றாகத் தடைசெய்தது. பழையதை விற்பதும் அத்தடையில் அடக்கம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பும் தடையையே கோருகிறது.

இதனால் நடைவண்டி குற்றமற்றது என்று ஆகிவிடாது. அது பிறந்தது மண் தரையிலும் சாணம் மெழுகிய முற்றத்திலும். நாம் அதை டைல்ஸ் தரையில் ஓட்டுகிறோம். என் தங்கை வீட்டில், பதினோரு மாதக் குழந்தை கைப்பிடியைப் பிடித்துச் சாய்ந்த மறுகணம் வண்டி வழுக்கிக்கொண்டு போக, குழந்தை முகம் குப்புற விழுந்து உதட்டைக் கடித்துக்கொண்டது. மண்ணின் உராய்வு செய்த வேலையை அங்கே எதுவும் செய்யவில்லை. மைத்துனர் மறுநாள் பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டிப் பின் சக்கரங்கள் இரண்டிலும் இறுக்கிச் சுற்றினார்; கீழ்ச் சட்டத்தில் இரண்டு கிலோ மணலை மூட்டையாகக் கட்டித் தொங்கவிட்டார். அதன்பிறகு வண்டி குழந்தையின் வேகத்துக்கு இறங்கி வந்தது. மொட்டை மாடியிலும் படிக்கட்டு உள்ள வீட்டிலும் பக்கத்தில் ஆள் இல்லாமல் நடைவண்டியையும் கொடுக்கக் கூடாது. பிடித்துக்கொண்டும் நிற்கத் திணறுகிற குழந்தைக்கு அது ஒன்றும் செய்யாது; சுவரையோ கட்டிலையோ பிடித்துத் தானாக எழுந்து நிற்கும் குழந்தைக்கே அது பொருந்தும்.

வாக்கரின் தரப்பில் உண்மையான நியாயம் ஒன்று உண்டு, அது நடையைப் பற்றியதே அன்று. தனியாகச் சமைக்கும் தாய்க்குக் குழந்தையை ‘வைத்துவிட’ ஓர் இடம் வேண்டும். கூட்டுக் குடும்பத்தின் இடுப்புகள் இல்லாத வீட்டில் அந்தத் தேவையைக் கேலி செய்வது அநியாயம். ஆனால் அதற்குச் சக்கரம் எதற்கு? தடுப்பு வைத்த ஒரு மூலை, ஒரு பாய், நான்கு கிண்ணங்கள், ஒரு கரண்டி என்பன அதே வேலையைச் செய்யும். கொதிக்கும் குழம்பின் பக்கம் உருண்டு வந்து கை நீட்டும் ஆபத்தும் இல்லை.

நடை வந்த பிறகு ஒப்பீடு வேறு இணைகளுக்குத் தாவுகிறது; அங்கேயும் கேள்வி அதேதான்: அசைவு யாருடையது? கயிறு கட்டி இழுக்கும் மர யானையை இழுக்கும் ஒன்றரை வயதுக் குழந்தை, நடந்துகொண்டே திரும்பிப் பார்க்கிறது. அப்போது உடல் முறுகியும் கால் நேரே போக வேண்டும். பேட்டரி யானை தானே நடக்கிறது, குழந்தை உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறது. கோடையில், தின்று முடித்த நுங்குக் காய்கள் இரண்டை ஒரு குச்சியில் கோத்து, கவைக் கம்பால் தள்ளி ஓட்டும் நுங்கு வண்டியில், ஓடும் வேகத்தையும் கம்பின் சாய்வையும் ஒருசேரக் கையாள வேண்டியிருக்கிறது. அச்சுக் குச்சி முறிந்தால் வேறு குச்சி தேடிச் சீவுவதும் ஆட்டத்தின் பகுதியே. ரிமோட் கார் இரண்டு கட்டை விரல்களோடு நின்றுவிடுகிறது.

பம்பரத்துக்கும் பேபிளேடுக்கும் இடையே நான் அவ்வளவு கடுமையாகப் பேச மாட்டேன். பேபிளேடே ஜப்பானில் கயிறு சுற்றி விடும் பேகோமா பம்பரத்தின் வழிவந்ததுதான். ஆனால் கயிற்றை விட்டுவிட்டு, இழுத்தால் சுழலவிடும் பல் வைத்த பிளாஸ்டிக் சட்டத்தைப் பிடித்துக்கொண்டது. சாட்டையை ஆணியருகிலிருந்து இடைவெளியின்றி இறுக்கிச் சுற்றி, மணிக்கட்டை வெட்டி வீசி, சரியான கணத்தில் சுண்டி இழுத்து, சுழலும் பம்பரத்தைச் சாட்டையால் ‘அபீட்’ எடுக்கக் கற்பதற்குச் சில வாரங்கள் ஆகும். பேபிளேடு முதல் இழுப்பிலேயே சுழன்றுவிடும். ஏழு வயதுக்கு முன் பம்பரம் வேண்டாம். அந்த ஆணி விளையாட்டுப் பொருளன்று.

கைக்குழந்தைக்கு வந்தால், தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை தள்ளினால் சாய்ந்து எழும்; பாட்டுப் பொம்மை பொத்தானை அழுத்தினால் பாடும். காரண காரியத் தொடர்பை இரண்டுமே காட்டுகின்றன. ஆனால் பெற்றோரின் பேச்சு எங்கே போகிறது என்று பாருங்கள்: 2016இல் வெளியான ஓர் ஆய்வில், 26 குழந்தைகளோடு வீட்டில் விளையாடியபோது மின்னணுப் பொம்மை இருந்தால் பெற்றோர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 40 சொற்களும், மரபான பொம்மைகளோடு 56 சொற்களும், புத்தகத்தோடு 67 சொற்களும் பேசினார்கள். பொம்மை பாடத் தொடங்கினால் வீட்டார் வாயை மூடிக்கொள்கிறார்கள். இருந்தாலும் காகிதக் கூழும் களிமண்ணும் வண்ணமும் கலந்த தலையாட்டியைப் பல் முளைக்கும் குழந்தையிடம் கொடுக்காதீர்கள். அது எட்டாத உயரத்தில் ஆடட்டும்.

வாங்கப் போகும்போது, நடைவண்டியின் கைப்பிடியை உள்ளங்கையால் ஒரு முறை நீளவாக்கில் தடவிப் பாருங்கள். சிலாம்பு இருந்தால் உடனே தெரியும். சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆணியின் தலை வெளியே துருத்தக் கூடாது. கண்ணைப் பறிக்கும் எனாமல் பூச்சைவிட, சன்னபட்டணம், ஏடிகொப்பாக்கா பொம்மைகளைப் போல அரக்கு ஏற்றியது நல்லது. குழந்தை கைப்பிடியைக் கடிக்காமல் விடாது. 2021 ஜனவரி முதல் இந்தியாவில் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்றாலும், பதிவுபெற்ற கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு என்பதால், முத்திரை இல்லை என்பதற்காகவே தச்சரின் வண்டியை ஒதுக்க வேண்டியதில்லை. அதைச் சோதிக்கும் பொறுப்பு மட்டும் நம்முடையதாகிவிடுகிறது.

குழந்தை கைப்பிடியை விட்டுவிட்டுத் தனியே நடக்கத் தொடங்கியதும் வண்டியைப் பரணில் ஏற்ற வேண்டாம். மணல் மூட்டையை அவிழ்த்துவிட்டு முன் சக்கரத்துக்கு மேலே ஒரு கயிற்றைக் கட்டுங்கள். தங்கை வீட்டு வண்டி இப்போது ஒரு மரப்பாச்சியையும் இரண்டு உருளைக்கிழங்குகளையும் ஏற்றிக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் இடையே போய்வந்துகொண்டிருக்கிறது.