பீட்டர்சன் சிஸ்டம் பைப்: ஈரப் புகையிலைக்கு ஏற்றது

அலமாரியில் அழகுக்கு வைக்கும் பைப்புகள் மேல் எனக்குப் பெரிய ஆசை கிடையாது, புகைக்க நன்றாக இருக்கிறதா என்பதுதான் கணக்கு, அந்த வகையில் என் சேகரிப்பில் அடிக்கடி கைக்கு வருவது டப்ளின் நகரத்து பீட்டர்சன் நிறுவனத்தின் சிஸ்டம் பைப்தான். 1890ல் காப்புரிமை பெற்ற வடிவமைப்பு. தண்டு செருகும் இடத்துக்குக் கீழே சின்னக் குழி ஒன்று இருக்கிறது. புகையோடு வரும் ஈரம் அதில் தங்கிவிடுவதால், ஈரப்பதம் அதிகமுள்ள புகையிலையிலும் கடைசி இழுப்பு வரை அந்தக் களகள சத்தம் அநேகமாக வருவதில்லை. அப்புறம் 1898ல் வந்த பி-லிப் என்கிற வாய்ப்பகுதி வடிவம். வாய்ப்பகுதியின் துளை மேல்நோக்கி இருக்கும், புகை நாக்கில் அடிக்காமல் அண்ணத்துக்குப் போகும். வர்ஜீனியா வகைப் புகையிலையை அவசரமாக இழுத்தால் இதிலும் நாக்கு எரியத்தான் செய்யும், அதற்குப் பைப் என்ன பண்ணும்! சூடாக இருக்கும்போதே தண்டைக் கழற்றிக் குழியைத் துடைக்கலாம். சாதாரண பிரையர் (ஒருவகைச் செடியின் வேர்க்கட்டை) பைப்பில் அப்படிச் செய்தால் கழுத்து விரிசல் விடலாம். பி-லிப் கொஞ்சம் தடிமன்தான், பல்லில் கடித்துக்கொண்டே வேலை பார்க்கிறவர்களுக்கு உறுத்தும், கையில் பிடித்துப் புகைக்கிற எனக்கு அது பிரச்சினையில்லை. லத்தாக்கியா என்கிற, புகையில் பதப்படுத்திய புகையிலை சேர்ந்த கலவைக்கு மட்டும் தனியாக ஒன்று ஒதுக்கிவிடுங்கள், அந்தப் புகைவாசம் கிண்ணத்தில் ஏறிவிட்டால் லேசில் போகாது.