பெண்கள் பின்னலாடைக்கு அமெரிக்க சுங்க வரி: 6106, 6109, 6110, 6114-ல் எது?

பெண்களுக்கான ஒரு பருத்தி நிட் டாப் அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்கினால், அமெரிக்க சுங்க வரி அட்டவணையின் நான்கு தலைப்புகளில் (நான்கு இலக்க வகை எண்களில்) பெரும்பாலும் ஒன்றுக்குள் போகும். பிளவுஸ், சட்டை என்று 6106-ல் வைத்தால் வரி 19.7 சதவீதம். டி-ஷர்ட், டேங்க் டாப் என்று 6109-க்குப் போனால் 16.5. ஸ்வெட்டர், புல்ஓவர் வகையான 6110-க்கும் அதே 16.5. இவை எதிலும் சேராத மேலாடை என்று 6114-க்குப் போனால் 10.8. எஃப்.ஓ.பி. விலை (கப்பலில் ஏற்றும் வரையிலான விலை) 5 டாலர், 10,000 பீஸ் என்று கணக்குப் போடுங்கள்: 6106-ல் 9,850 டாலர், நடுவில் உள்ள இரண்டிலும் 8,250, 6114-ல் 5,400. ஒரே துணி, ஒரே தையல் லைன்தான்.

2025-ல் தொடங்கி அவ்வப்போது மாறிவரும் கூடுதல் வரிகள் இதற்கு மேல் தனி. அவை இந்த நான்கு தலைப்புகளுக்குள் வித்தியாசம் பார்ப்பதில்லை என்பதால் இங்கே சேர்க்கவில்லை. ஐரோப்பாவுக்கு அனுப்புகிறவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. அங்கே இவற்றுக்கு அடிப்படை வரி பெரும்பாலும் ஒரே 12 சதவீதம்.

திருப்பூரில், பையர் (வாங்கும் நிறுவனம்) தரும் டெக் பேக் என்ற விவரத் தாளில் எழுதியிருக்கும் பெயரை வைத்தே தலைப்பு எண் போடும் பழக்கம் உண்டு. "டீ" என்று இருந்தால் 6109, "டாப்" என்று இருந்தால் 6106. இது ஆபத்து. சுங்க அதிகாரி பெயரைப் பார்ப்பதில்லை. கழுத்தையும் கீழ் விளிம்பையும் துணியையும் பார்க்கிறார்.

கடும் போட்டி 6106-க்கும் 6110-க்கும் இடையில்தான். வரி அட்டவணையில் பின்னலாடைக்கான 61-ஆம் அத்தியாயத்தின் 4-ஆம் குறிப்பு, 6106-க்குள் வர முடியாத உடைகளைத் தெளிவாகச் சொல்கிறது. இடுப்புக்குக் கீழே பை உள்ளவை வராது. கீழ் விளிம்பில் ரிப் பட்டை, எலாஸ்டிக், நாடா என்று இறுக்கும் ஏற்பாடு உள்ளவை வராது. நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் சென்டிமீட்டருக்குச் சராசரி 10 கண்ணிக்கு (பின்னல் வளையத்துக்கு) குறைவான துணியும் வராது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த டாப் வழக்கமாக 6110-க்கு நகர்ந்து 3.2 சதவீதம் மிச்சமாகும்.

கண்ணி எண்ணும் விஷயத்தில் கவனம் வேண்டும். குறைந்தது 10-க்கு 10 சென்டிமீட்டர் பரப்பில் எண்ண வேண்டும் என்று குறிப்பே சொல்கிறது. ஒரு அங்குல உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து எண்ணி 2.54-ஆல் வகுத்தால் அது குறிப்பு கேட்கும் அளவு ஆகாது. ஸ்கேலை வைத்து 10 சென்டிமீட்டர் குறித்து, ஊசி முனையால் ஒவ்வொரு கண்ணியாக நகர்த்தி எண்ணுங்கள். குறுக்கே 100, நீளத்தில் 100 என்பதுதான் எல்லை. நைஸான சிங்கிள் ஜெர்சி எளிதாக அதைத் தாண்டிவிடும். கட்டம் கட்டமாகத் தெரியும் கனமான வாஃபிள் துணியும், கைப்பின்னல் மாதிரி தெரியும் ஸ்வெட்டர் துணியும் தாண்டாது. எல்லைக்கோட்டில் நிற்கும் துணி என்றால், சலவைக்குப் பிந்தைய பீஸிலேயே எண்ணுங்கள். கப்பல் ஏறுவது அதுதானே.

6109-க்கு வந்தால், வட்டம், வி, படகு என்று எந்தக் கழுத்தும் சரி. ஆனால் காலர், பட்டன், கழுத்துத் திறப்பு எதுவும் கூடாது. டெர்ரி, பிரஷ் செய்த துணி ஆகாது. கீழே இறுக்கும் நாடாவும் ரிப்பும் ஆகாது. அச்சு இருக்கலாம், லேஸ் வைத்தால் சிக்கல். சாதாரண வட்டக் கழுத்து பருத்தி டாப் என்றால் என் தேர்வு தயங்காமல் 6109. அதே டாப்பில் மூன்று பட்டன் பிளாக்கெட் (கழுத்துத் திறப்புப் பட்டி) வந்துவிட்டால் அது 6106, 19.7-ஐ ஏற்றுக்கொண்டு விலையைப் பேசுவதுதான் நேர்மை.

6114-ன் 10.8 சதவீதம் கவர்ச்சியானது. ஆனால் இடுப்பைத் தொடாத கிராப் டாப், தோளை மூடாத டியூப் டாப், கழுத்தில் கட்டும் ஹால்டர் போன்றவற்றுக்குத்தான் அந்த இடம். முழு நீள டாப்பை அங்கே தள்ளப் பார்ப்பது வீண் வம்பு.

சரி, இதுவரை சொன்னது பருத்திக்கு. செயற்கை இழை என்றால் கணக்கே வேறு. 6106, 6109, 6110 மூன்றிலும் பொது விகிதம் 32 சதவீதம். 6114-ல் டாப்புக்கு 28.2. தலைப்பை மாற்றி அதிகபட்சம் 3.8 சதவீதம் மிச்சம் பிடிக்கலாம். கலவையை மாற்றிப் பருத்தி ஆக்கினால், 6109-லும் 6110-லும் 15.5 சதவீதம் மிச்சம். ஆகவே பருத்தி ஸ்டைலுக்குத் தலைப்பைப் பாருங்கள். பாலியெஸ்டர், விஸ்கோஸ் கலந்த ஸ்டைலுக்கு முதலில் கலவையைப் பாருங்கள் என்பேன்.

பலர் விழும் குழி ஒன்று இங்கே இருக்கிறது. 45 சதவீதம் பருத்தி, 30 விஸ்கோஸ், 25 பாலியெஸ்டர் என்று ஒரு துணி. பருத்திதான் அதிகம், 16.5 என்று தோன்றும். ஆனால் 54, 55-ஆம் அத்தியாயங்களின் செயற்கை இழைகளை வேறு இழையோடு ஒப்பிடும்போது ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. 30-ம் 25-ம் சேர்ந்து 55 ஆகிறது, வரி 32. சரிபாதி பருத்தி, பாலியெஸ்டர் என்றாலும் தப்ப முடியாது. எதுவும் மேலோங்காவிட்டால் வரிசையில் கடைசியில் வரும் தலைப்பே செல்லும், அது பாலியெஸ்டர் பக்கம்தான் போகும்.

6110-க்குள் மட்டும் சில நல்ல வாசல்கள் உண்டு. பருத்தி மேலோங்கி, லினன் 36 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் வரி வெறும் 5. லூதியானாவிலிருந்து போகும் அக்ரிலிக் ஸ்வெட்டரில் கம்பளி 23 சதவீதம் சேர்ந்தால் 32 என்பது 17 ஆகிறது. கோடைகால லினன் ஸ்வெட்டருக்கு ஆர்டர் பேசும் பையரிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள். நூல் விலை ஏறினாலும் வரியில் ஈடுகட்ட வாய்ப்பு உண்டு.

வரிக்காக வடிவத்தை மாற்றுவது தவறா? இல்லை. நெசவுத் துணிப் பெண்கள் சட்டையில் இடுப்புக்குக் கீழே சின்னப் பை வைத்து வரியைக் குறைப்பதை அமெரிக்க உடை நிறுவனமான கொலம்பியா ஸ்போர்ட்ஸ்வேர் வெளிப்படையாகவே பேசியிருக்கிறது. ஆனால் இறக்குமதிக்கு மட்டும் காட்டிவிட்டு அப்புறம் பிய்த்து எடுக்கும் வேலை ஆகாது. சரக்கு வேனை பயணிகள் வாகனமாகக் காட்டிக் குறைந்த வரி கட்ட, டிரான்சிட் கனெக்ட் வேனில் பின் இருக்கைகளை வைத்துக் கொண்டுவந்து, இறக்கியதும் கழற்றிய ஃபோர்டு நிறுவனம், 2019-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்று, 2024-ல் 365 மில்லியன் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. எனவே பை வைத்தால், அதில் உண்மையிலேயே ஒரு பொருள் வைக்க முடிய வேண்டும், வாங்குபவர் அணியும்போதும் அது இருக்க வேண்டும்.

தலைப்பு எண் தவறினால் முதல் பொறுப்பு இறக்குமதியாளருக்கு. கவனக்குறைவுக்கே, கட்டாமல் விட்ட வரியைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம் போகலாம். அந்தச் செலவை பையர் நம் பில்லில் கழிக்கப் பார்ப்பார். அதனால் சந்தேகமான ஸ்டைலுக்கு அமெரிக்க சுங்கத் துறையிடம் முன்கூட்டியே எழுத்துபூர்வத் தீர்ப்பு வாங்கிவிடலாம். கட்டணம் இல்லை, ஏற்றுமதியாளரும் கேட்கலாம், வழக்கமாக 30 நாட்களில் பதில் வரும். பழைய தீர்ப்புகளை கிராஸ் என்ற இணையத் தொகுப்பில் இலவசமாகத் தேடலாம், நம் டாப்பைப் போலவே ஒன்று அதில் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. இதையெல்லாம் சாம்பிள் நிலையிலேயே செய்துவிடுங்கள். துணி வெட்டிய பிறகு கீழ் விளிம்பையும் கலவையையும் மாற்ற முடியாது.