அலோபியூரினால் என்ற யூரிக் ஆசிட் குறைக்கும் மாத்திரை: வருடக்கணக்காகப் போட்டு வருகிறவளின் அனுபவம்

யூரிக் ஆசிட் கூடியிருக்கிறது என்று சொன்னால் போதும், காரைக்குடிப் பக்கம் பருப்பையும் கீரையையும் உடனே நிறுத்தச் சொல்வார்கள். ஈரல் வறுவலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்! பருப்பு, கீரையில் யூரிக் ஆசிட்டாக மாறும் பியூரின் இருந்தாலும், யூரிக் ஆசிட் மூட்டில் படிவதால் வரும் கவுட் வலியை அது அவ்வளவாகத் தூண்டுவதில்லை. ஈரல், சுவரொட்டி (மண்ணீரல்), நெத்திலி, மத்தி, பீர், இனிப்பான பாட்டில் பானங்கள், இவற்றைத்தான் குறைக்க வேண்டும்.

எனக்கு இது மாதவிடாய் நின்ற பிறகு வந்தது. பெண்கள் பலருக்கும் அப்படித்தான். அதுவரை ஈஸ்ட்ரோஜன் யூரிக் ஆசிட்டைச் சிறுநீரில் வெளியேற்ற உதவிக்கொண்டிருக்கும். ராத்திரி படுக்கும்போது ஒன்றுமில்லை, விடிகாலையில் வலது கால் பெருவிரல் சிவந்து தகதகவென்று கொதித்தது. போர்வை உரசினாலே உயிர் போனது. வீக்கம் பக்கத்து விரலுக்கும் பரவ, தேங்காய் எண்ணெய் தடவித் தடவி மெட்டியைக் கழற்றியெடுத்தோம். அன்று எடுத்த ரத்தப் பரிசோதனையில் அளவு கிட்டத்தட்ட சரியாகவே இருந்தது. வலி உச்சத்தில் இருக்கும்போது அப்படிக் காட்டுவது உண்டாம். வலி அடங்கியபின் மறுபடி பார்த்தால் 9.2.

பிரஷருக்குப் போட்டுவந்த ஹைட்ரோகுளோரோதயசைடும் யூரிக் ஆசிட்டை ஏற்றும் என்று டாக்டர் அதை நிறுத்தி லோசார்டான் கொடுத்தார். சாப்பாட்டிலும் கட்டுப்பாடாக இருந்தேன். அப்படியும் 8.4க்குக் கீழே இறங்கவில்லை. யூரிக் ஆசிட்டில் பெரும்பங்கை உடம்பே தயாரிக்கும்போது, வாயைக் கட்டினால் மட்டும் எவ்வளவு குறையும்? 6.8ஐத் தாண்டினால் மூட்டில் படிகமாகப் படியத் தொடங்கும். 6க்குக் கீழே வைத்திருந்தால் படிந்ததும் கரையும்.

அலோபியூரினாலை 100 மில்லிகிராமில் ஆரம்பித்துப் படிப்படியாகக் கூட்டினார்கள். ஆரம்ப மாதங்களில் வலி திரும்பத் திரும்ப வந்தது. பலர் மாத்திரையை விட்டுவிடுவது இந்தக் கட்டத்தில்தான். "இது சூட்டு மாத்திரை ஆத்தா, எனக்கு வலியைக் கூட்டிருச்சு" என்று எங்கள் சித்தப்பா பத்தே நாளில் நிறுத்திவிட்டார். உண்மையில் பழைய படிகம் கரையும்போதுதான் மூட்டு கலங்குகிறது. அதைச் சமாளிக்க கோல்சிசின் சேர்த்துக் கொடுப்பார்கள். அளவு கூடினால் வயிற்றாலே போகும், நம் இஷ்டத்துக்குப் போடக்கூடாது.

குறை என்றால், தினமும் போட்டாக வேண்டும், சிறுநீரகப் பரிசோதனையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். உடம்பில் தடிப்போ, காய்ச்சலோ, வாய்ப்புண்ணோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும். அரிதுதான், ஆனால் உயிருக்கே ஆபத்தாகலாம். எனக்கு அப்படி எதுவும் வரவில்லை.

இப்போது 5.4. கல்யாண வீட்டில் வளவைச் சுற்றிச் சுற்றிப் பரிமாறுகிறேன். ஆட்டுக்கறி இரண்டு துண்டு உண்டு, ஈரல் கிடையாது. அளவுதான் இறங்கிவிட்டதே, நிறுத்தலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். நிறுத்தினால் பழையபடி ஏறும் என்று அதே சீட்டையே திரும்ப எழுதிக் கொடுத்தார்.