பின்பக்கத்தையும் காட்டுங்கள்

இருபத்திரண்டு வருஷமாக மேற்கு மாம்பலத்தில் ப்ளவுஸ் தைக்கிறேன். யார் எம்ப்ராய்டரியைப் பார்த்தாலும் உடனே உள்பக்கம் திருப்பிப் பார்ப்பது என் பழக்கம். முடிச்சு எங்கே விழுந்திருக்கிறது, நூல் எங்கே தாவியிருக்கிறது என்று பார்த்தால் தைத்தவள் கை தெரிந்துவிடும்.

ஓர்ப்படியோடு ஆழ்வார்பேட்டை குயில்ட் கண்காட்சிக்குப் போனேன். டிக்கெட் நூறு ரூபாய். எல்லாவற்றையும் சுவரோடு சுவராக மாட்டி, ‘தொடாதீர்கள்’ என்று எழுதியும் வைத்துவிட்டார்கள். கை வியர்வை கறையாகும், சரிதான். ஆனால் மேல் துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என்று மூன்றையும் கோத்துப் பிடிப்பதுதானே குயில்ட்? அடித்துணியைப் பார்க்காமல் தையலை எப்படி மெச்சுவது?

பாதிக்கு மேல் மெஷின் வேலை. நடுவில் சிவப்புச் சதுரம், சுற்றிப் பட்டை பட்டையாக ஏறும் ‘லாக் கேபின்’ (மரக்கட்டை வீடு) ரகம் நாலைந்து இருந்தது. அந்தச் சிவப்பு வீட்டு அடுப்பாம். மூலைகள் பிசகவில்லை. மடிப்புக்குக் கால் இஞ்ச்தான் விடுகிறார்கள். அப்படி நான் ப்ளவுஸ் தைத்தால் அடுத்த தீபாவளிக்குப் பிரித்து விட முடியாது.

நான் நின்றது காவண்டி முன்னால். கர்நாடகத்தின் உத்தர கன்னடத்தில், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்கள் பழந்துணியில் தைக்கும் போர்வை. நாம் நடுவில் டாக்கா (பிறகு பிரித்துவிடும் தற்காலிகத் தையல்) போட்டுத் தொடங்குவோம். அவர்கள் ஓரத்தில் ஆரம்பித்து, துண்டுகளை வைத்து வைத்து, சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிக்கிறார்கள். நாலு மூலையிலும் மடித்துத் தைத்த முக்கோணத் துணிக்குப் ‘பூலா’ என்று பெயர். பூ. அது இல்லாவிட்டால் போர்வை அம்மணமாக இருப்பதாக அர்த்தமாம்.

“ஏம்மா, ஒரு மூலையை மட்டும் தூக்கிக் காட்டேன்” என்றேன். வெள்ளை கையுறை போட்டிருந்த பெண் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “சீக்கிரம் ஆன்ட்டி” என்று தூக்கினாள். அடியில் ஒரு பழம்புடவை. ஏற்கெனவே கிழிந்து ஒட்டுப் போட்டது. அதன்மேல் அரிசியைத் தூவியது போல ஓட்டத்தையல், வரிசை கோணியும் நேராகியும். நூறு ரூபாய்க்கு அதுவே போதும்.

பழந்துணியை அடுக்கி ஓட்டுகிற வங்காளத்துக் காந்தா இரண்டு இருந்தது. நம்ம ஊர் வேலை? பங்குனியில் மயிலாப்பூர் மாடவீதியில் தேர் வரும்போது தொங்குமே தொம்பை, அதுவும் துணிமேல் துணி வைத்துத் தைப்பதுதான். தஞ்சாவூர்க் கை. ஒன்றுகூட இல்லை. விவரச் சீட்டு எல்லாம் இங்கிலீஷில் வேறு. ஓர்ப்படிக்கு நான்தான் படித்துச் சொன்னேன்.

விற்பனை மேஜையில் 18க்கு 22 இஞ்ச் துண்டுத்துணி 180 ரூபாய். கோடவுன் தெரு மொத்தத் துணிக்கடைகள் தெரிந்தவர்கள் வாங்க மாட்டார்கள். குயில்ட் ஊசி மட்டும் வாங்கினேன். குட்டை ஊசி, நெருக்கமாக ஓட்ட வசதி. ஓர்ப்படி இப்போது எங்கள் மாமியாரின் பழைய சுங்குடியை நாலாக மடித்து ஓட்டிக்கொண்டிருக்கிறாள். நேற்று திருப்பிப் பார்த்தேன். முழுக்க முடிச்சு.