52,000 ரூபாய்க்கு நான் வாங்கிய ‘தங்கமான சாமான்’

கல்முனைப் பக்கம் பழைய டிஜிட்டல் கமரா வாங்கப் போகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள். விற்றவருடைய பெயரையோ அவருடைய பக்கத்தின் பெயரையோ எழுதப் போவதில்லை. என்னிடம் பற்றுச்சீட்டு என்று ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. ஆனால் என்னை எப்படி மடக்கினார் என்பதை என் மடத்தனத்தோடு சேர்த்து முழுதாகவே எழுதுகிறேன்.

மச்சானுக்கு மட்டக்களப்புப் பக்கம் கன்னன்குடாவில் வடமோடிக் கூத்து அரங்கேற்றம் வந்தது. மாதக்கணக்காக இரவிரவாகப் பழகினவன், “நல்ல படம் நாலு எடுத்துத் தா மச்சான்” என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டான். என் போனில் எடுத்தால் கூத்தாடுகிற களரி வெளிச்சத்தில் முகமெல்லாம் மெழுகு பூசியது போல வரும். புதுக் கமரா வாங்க வசதியில்லை. அதனால் நிக்கோன் டி90 ஒன்று தேடினேன். 2008இல் வந்த கமரா, 12.3 மெகாபிக்சல், வீடியோ எடுத்த முதல் டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் மாற்றுகிற பெரிய கமரா) அதுதான். நல்ல லென்ஸ் ஒன்று மாட்டினால் இன்றைக்கும் கூத்துப் படத்துக்குத் தாராளம். ஏமாந்த பிறகும் அந்த எண்ணத்தை நான் மாற்றவில்லை. பழைய கமரா என்பதில் பிழையில்லை, எனக்கு வந்து சேர்ந்த அந்த ஒன்றில்தான் பிழை.

முகநூலில் விளம்பரம் கண்ணில் பட்டது. நீலப்பூப் போட்ட மேசைவிரிப்பில் கமராவை வைத்து அழகாகப் படம் எடுத்துப் போட்டிருந்தார். “ஜப்பான் சாமான், ஷட்டர் 9,214 மட்டும், 18-105 லென்ஸோடு 55,000.” ஷட்டர் எண்ணிக்கை என்பது கமரா இதுவரை எத்தனை தரம் படம் பிடித்திருக்கிறது என்ற கணக்கு. மோட்டார் சைக்கிளுக்கு மீற்றர் மாதிரி. டி90இன் ஷட்டர் ஒரு இலட்சம் தரத்துக்குச் சோதிக்கப்பட்டது என்று கம்பனியே சொல்லியிருக்கிறது. அப்படிப் பார்த்தால் 9,214 என்பது குழந்தைப் பிள்ளை.

நிக்கோன் கமராக்கள் இந்த எண்ணிக்கையைப் படக் கோப்புக்குள்ளேயே எழுதி வைக்கும். வாட்ஸ்அப்பில் சும்மா படமாக அனுப்பினால் அந்த விபரமெல்லாம் அழிந்துபோகும், டொக்கியுமென்டாக அனுப்ப வேண்டும். இது எனக்குத் தெரியும், தெரியும் என்ற பெருமையும் இருந்தது. “அண்ணன், படத்த டொக்கியுமென்டா அனுப்புங்க” என்றேன். மறுபேச்சில்லாமல் அனுப்பினார். படக் கோப்புக்குள் இருக்கிற விபரங்களைக் காட்டுகிற எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருளில் திறந்தேன். 9,214 என்றே இருந்தது. அதோடு என் புத்திசாலித்தனம் முடிந்துவிட்டது. அதே கோப்பில் நாலு வரி தள்ளிக் கமராவின் தொடர் இலக்கமும் இருந்ததை நான் பார்க்கவே இல்லை.

“கடைக்கு வாங்க” என்று சொன்னவர், நான் பஸ்ஸில் ஏறின பிறகு “பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில நில்லுங்க தம்பி, நானே வாறன்” என்றார். பின்னேரம் நாலு மணி என்றது பொழுதுபட்டு ஆறே முக்காலானது. அப்போதே திரும்பியிருக்க வேண்டும். மட்டக்களப்பிலிருந்து நாற்பது கிலோமீற்றர் வந்துவிட்டோமே, அடுத்த நாள் அரங்கேற்றமே என்று நின்றேன். தேத்தண்ணிக் கடையில் மங்கின ஒரு பல்புக்குக் கீழே கமராவை என் கையில் தந்தார். படம் எடுத்தது, பிளாஷ் அடித்தது. “நீங்க ஒண்டும் யோசிக்காதீங்க தம்பி, தங்கமான சாமான்.” தேத்தண்ணிக்குக் காசும் அவரே கொடுத்தார். 3,000 குறைத்து 52,000க்கு முடிந்தது.

லென்ஸில் பூஞ்சணம் இருக்கிறதா என்று பார்க்காமல் இல்லை. கழற்றி, போன் டோர்ச்சைப் பின்பக்கத்தால் அடித்துப் பார்த்தேன். சுத்தமாகத்தான் தெரிந்தது. நான் விட்ட பிழை இதுதான். இந்த வகை லென்ஸைக் கமராவிலிருந்து கழற்றினால் உள்ளேயிருக்கும் தகடுகள் தாங்களாகவே மூடிக்கொள்ளும், நடுவில் ஊசித்துளை மாதிரி ஒரு ஓட்டைதான் மிஞ்சும். அந்த ஓட்டையால் பார்த்தால் எந்த லென்ஸும் சுத்தம்தான். லென்ஸின் பின்பக்கத்தில், மாட்டுகிற வளையத்துக்கு உள்ளே, சின்ன நெம்பு ஒன்று நீட்டிக்கொண்டு நிற்கும். அதை விரலால் தள்ளிப் பிடித்தால்தான் தகடுகள் விரியும். மறுகா டோர்ச்சைச் சரித்து அடித்துப் பார்க்க வேண்டும். வீட்டில் போய் அப்படிப் பார்த்தபோது சிலந்தி வலை பின்னினது போல ஓரத்திலிருந்து நடுவரைக்கும் நூல் நூலாக ஓடியிருந்தது. நானோ அதைப் பார்த்தது அரங்கேற்றம் முடிந்த பிறகு.

அரங்கேற்ற இரவைப் பற்றி என்ன சொல்ல. வலையிறவுப் பாலம் தாண்டி, வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைக்குப் போகும்போது கழுத்தில் கமரா தொங்குகிற சந்தோசம் இருந்தது. மச்சான் கரப்புடுப்பு என்ற வடமோடிக் கூத்து உடுப்போடு களரிக்குள் இறங்கினான். எடுத்தேன். பின்னால் விளக்கு இருக்கிற படத்திலெல்லாம் விளக்கைச் சுற்றிப் பால் ஊற்றினது போல வெண்புகை. உடுப்பின் மினுக்கம் ஒன்றும் விழவில்லை. லென்ஸைச் சாரத்துத் தலைப்பால் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறேன், புகை உள்ளே இருப்பது எனக்குத் தெரியாதே. இரவு இரண்டு மணி தாண்டி மேல் திரையில் ‘எர்’ என்று, அதாவது கோளாறு என்று, மினுக்கியது. ஷட்டரை இன்னொரு தரம் அமுக்கினால் போகும், பத்துப் படத்தில் திரும்பி வரும். பிறகு ஐந்தில், பிறகு இரண்டில். மத்தளம் உச்சத்துக்கு ஏறின நேரம் கமரா அடியோடு படுத்துவிட்டது. விடியப்புறம் கூத்துப் பழக்கின அண்ணாவியாருக்குப் பக்கத்தில் மச்சான் நின்ற படத்தைக் கடைசியில் போனில்தான் எடுத்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கூடச் சுட்டது.

காலையில் நித்திரை இல்லாமல் இருந்து கோப்புகளைத் திறந்தேன். ஷட்டர் எண்ணிக்கை 143,608. கண்ணைக் கசக்கிவிட்டுப் பழைய கோப்பை எடுத்தேன், 9,214. அப்போதுதான் தொடர் இலக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவர் அனுப்பினது வேறு இலக்கம். என் கமராவின் அடித்தட்டில் ஒட்டியிருப்பது வேறு இலக்கம். நல்ல கமரா ஒன்றை வைத்துப் படமும் கோப்பும் காட்டிவிட்டு, ஆடி ஓய்ந்த ஒன்றைக் கையில் தந்திருக்கிறார். ஆகவே கோப்பை மட்டும் பார்த்து நம்பாதீர்கள். உங்கள் கையில் இருக்கும் கமராவால் உங்கள் மெமரி காட்டில் நீங்களே ஒரு படம் எடுங்கள், அந்த இடத்திலேயே திறந்து பாருங்கள், அடித்தட்டு இலக்கத்தோடு ஒப்பிடுங்கள். கனன் கமராக்கள் பெரும்பாலும் எண்ணிக்கையைப் படத்துக்குள் எழுதாது. அதில் விற்கிறவர் சொல்லும் தொகை வெறும் வாய்ப்பேச்சு.

பட்டரியும் போலி. அசல் இஎன்-இஎல்3இ பட்டரியில் 1500 எம்ஏஎச் என்று இருக்கும். எனக்குத் தந்ததில் 1800 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, நான் அதைக் கூடின நல்லது என்று நினைத்தேன்! மூன்றாவது கிழமை அது வீங்கிக் கமராவுக்குள்ளேயே இறுகிவிட்டது. அக்கா தலைமயிர்க் கிளிப்பால் மெல்ல மெல்ல நெம்பி எடுத்துத் தந்தா. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள், வீங்கின பட்டரியில் கிளிப் குத்தினால் நெருப்புப் பிடிக்கும். எங்களுக்கு அன்றைக்கு அதிர்ஷ்டம்.

அவருக்குப் போன் எடுத்தேன். முதல் நாள் “பழைய சாமான் எண்டா அப்பிடி இப்பிடி இருக்கும் தம்பி” என்றார். தொடர் இலக்கத்தைச் சொன்னதும் “நீங்க மாத்திப்போட்டு என்னட்டக் கேக்கிறீங்களா?” என்று சத்தம் போட்டார். அதற்குப் பிறகு எடுக்கவில்லை, தடுத்தும் விட்டார். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கம் இருக்கிறது. ஆனால் காசைக் கையில் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்து வந்தவன் எதைக் காட்டி முறையிட? ஒரு வெள்ளைத்தாளில் தொடர் இலக்கத்தையும் விலையையும் எழுதி ஒரு கையெழுத்து வாங்கியிருந்தால் கதை வேறு. எழுதித்தர மறுத்திருப்பார், நானும் தப்பியிருப்பேன்.

இப்போது பிள்ளைகளிடம் சிசிடி கமரா, அதாவது சிசிடி என்ற பழைய வகைச் சென்சர் (படத்தைப் பதிகிற சில்லு) உள்ள சின்ன டிஜிட்டல் கமரா, என்று ஒரு மோகம். செங்கலடியில் இருக்கிற மருமகளும் சின்னக் கமரா ஒன்று வாங்கினாள், மெமரி காட் இல்லாமல். அது எக்ஸ்டி காட் போடுகிற கமரா. 2002இல் வந்த காட் அது. கூடியது 2 ஜிபி, ஒலிம்பஸ், பியூஜி பிலிம் கமராக்களில் போட்டார்கள். செய்வதை நிறுத்திக் கன காலம். கமராவை விடக் காட்டுக்கு அலைந்ததுதான் கூட. எஸ்டி காட் போடுகிற கமரா என்றாலும், மிகப் பழையது 2 ஜிபிக்கு மேல் வாசிக்காது, கடையில் இருக்கிற 64 ஜிபியைப் போட்டுப் பிரயோசனமில்லை.

இன்னொன்று. 2002 முதல் 2004 வரையான பல சின்னக் கமராக்களில் இருந்த சோனி சிசிடி சென்சர், சூடும் ஈரமும் கூடின இடங்களில் பழுதாகும் என்று 2005இல் வெளிவந்தது. கனன், நிக்கோன், ஒலிம்பஸ் எல்லாரும் இலவசமாகத் திருத்திக் கொடுத்தார்கள். இன்றைக்கு அந்த வசதி கிடையாது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி என்று இருக்கிற எங்கள் ஊருக்கு அது பொருந்தாத சாமான். திரையில் ஊதா நிறமோ கோடுகளோ தெரிந்தால் கையிலெடுத்ததை அப்படியே வைத்துவிடுங்கள். மாரி காலத்தில் எந்தக் கமராவையும் தோல் பைக்குள் பூட்டி வைக்க வேண்டாம், காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். அரிசிக்குள் புதைக்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அரிசித் தூளை யார் துடைப்பது?

என் லென்ஸைத் துப்புரவாக்கிப் பார்த்தாயிற்று. பூஞ்சணம் போனது, ஆனால் கண்ணாடிப் பூச்சை அரித்த தழும்பு போகவில்லை. ஷட்டர் மாற்றுகிற செலவுக்கு இன்னொரு டி90 வாங்கலாம்.

போன கிழமை வேறு பெயரில் ஒரு பக்கத்தில் புது விளம்பரம் வந்திருக்கிறது. டி90, ஷட்டர் 9,214 மட்டும், 49,500. அதே நீலப்பூ மேசைவிரிப்பு. கீழே இரண்டு பேர் “இன்னும் இருக்குதா அண்ணன்?” என்று கேட்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் தனித்தனியாக எழுதினேன். ஒருவர்தான் இதுவரை பார்த்திருக்கிறார்.